முதுமையை ஆராய ஒரு விண்ணப்பம்

'விண்ணப்பம்' என்னும் சொல்லை நாம் இரண்டு இடங்களில் வழங்குகிறோம். ஆலயத்தில் இறைவன் திருமுன் வைக்கும் வேண்டுதலும் விண்ணப்பமே. அலுவலகத்தில் கையொப்பமிட்டுக் கொடுக்கும் தாளும் விண்ணப்பமே. பங்குத் தந்தையின் மேசைக்கு இரண்டாம் வகையும் நிறைய வந்து சேரும். முதியோர் உதவித்தொகை, கல்விக் கட்டணம், வீட்டுமனைப் பட்டா என அவை பலவாறாக இருக்கும். திருத்தணிப் பகுதியில் பணிபுரியும் என்னிடம் சென்ற ஆண்டு வந்த ஒன்றோ முற்றிலும் வேறுபட்டது. பழ ஈக்கள் எவ்வாறு மூப்படைகின்றன என்று ஆராய்வதற்குச் சில ஆயிரம் ரூபாய் கேட்டு எழுதப்பட்ட விண்ணப்பம் அது.

எழுதியவர் பொதட்டூர்பேட்டைப் பக்கத்து நெசவாளர் குடும்பத்துப் பெண். முதுகலை விலங்கியல் மாணவி. 1960-இல் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்த பகுதி இது. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், விண்ணப்பத்தில் ஆங்கிலம் என்பது இங்குள்ள மாணவர் பலரின் நிலை. அந்த ஆங்கிலத்தைச் சரிபார்க்கும் பொருட்டே அவர் என்னிடம் வந்தார்.

அவருடைய ஆய்வைப் புரிந்துகொள்வது கடினமன்று. கண்ணாடிக் குழாயில் இட்ட ஈக்களை மெல்லத் தட்டினால் அவை அடியில் விழும். உடனே சுவரைப் பற்றி மேலேறும். அது அவற்றின் இயல்பு. இளம் ஈ சில நொடிகளில் குறித்த கோட்டைக் கடந்துவிடும். நாள் செல்லச் செல்ல வேகம் குறையும். பாதி வழியில் நிற்கும். பின்னர் ஏற முயலவே முயலாது. உணவில் ஈஸ்ட்டின் அளவைக் குறைத்தால், ஈ நெடுநாள் வாழ்வதோடு நெடுநாள் ஏறவும் செய்யுமா? இவ்வொரு வினாவே அவர் கேட்க விரும்பியது.

இவ்வூரில் வாழ்வோர்க்கு இவ்வினா அந்நியமானதன்று. இங்குள்ள முருகன் கோயிலுக்கு ஆண்டின் நாள்களைக் குறிக்கும் 365 படிகள் உண்டு. டிசம்பர் 31 அன்று நடைபெறும் படித் திருவிழாவிற்கு மக்கள் திரளாக வருவர். எழுபது வயதினர் ஒருவர் பேரனின் கையைப் பற்றியபடி உச்சிவரை ஏறிவிடுகிறார். அதே வயதினர் மற்றொருவர் ஐம்பதாம் படியிலேயே அமர்ந்துவிடுகிறார். பிறந்த ஆண்டு ஒன்று. உடலின் வயது வேறு. இவ்வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதே மூப்பின் உயிரியல் கேட்கும் வினா.

இது நெடிய வரலாறுடைய வினா. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மக்கே என்பவர், உணவைக் குறைத்து வளர்த்த எலிகள் நெடுங்காலம் வாழ்ந்ததை 1935-இல் வெளியிட்டார். நம் நாட்டில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் பேராசிரியர் எம். எஸ். கனுங்கோ, மூப்பு என்பது மரபணுக்களின் செயற்பாட்டில் நிகழும் மாற்றம் என்னும் கருத்தை 1975-இல் முன்வைத்தார். அவருடைய நூலைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 1994-இல் வெளியிட்டது. ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால் சிறு புழு ஒன்றின் ஆயுள் இரு மடங்காவதைச் சிந்தியா கென்யன் 1993-இல் காட்டினார். தரமணியிலுள்ள சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் முதிய எலிகளுக்குக் கார்னிடின், லிபாயிக் அமிலம் ஆகியவற்றைக் கொடுத்து ஆராய்ந்திருக்கின்றனர். பெங்களூரு ஜவகர்லால் நேரு மையத்தில் பழ ஈக்களை வளர்ப்பது வாழைப்பழமும் வெல்லமும் கலந்த உணவில். நம் சமையலறைப் பொருளிலேயே வாழ்வின் ஆழ்ந்த வினாவொன்றைத் தொட இயலும் என்பது வியப்பன்றோ!

இனி, விண்ணப்பத்திற்கு வருவோம். முதல் வரைவின் தலைப்பு 'முதுமையை வெல்லுதல்' என்றிருந்தது. அவருடைய ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ஓரத்தில், 'எந்த ஈ? எத்தனை ஈ? எத்தனை நாள்?' என்று எழுதியிருந்தார். அதைக் கண்டபோது குருமடத்தில் நான் பயின்ற புனித தாமஸ் அக்குவினாரின் முறை நினைவுக்கு வந்தது. அவர் ஒரு வினாவைக் குறுக்கி எடுப்பார். தமக்கு எதிரான வாதங்களை முதலில் வரிசைப்படுத்துவார். அதன் பின்னரே தம் விடையைச் சொல்வார். நல்ல ஆய்வு விண்ணப்பமும் அவ்வாறே அமைகிறது. 'என் கருத்து தவறாக இருந்தால் அதை நான் எப்படி அறிவேன்?' என்பதற்கு அதில் இடம் இருக்க வேண்டும். வழக்கமான உணவில் வளரும் ஈக்களை ஒப்பீட்டுக்காக அருகிலேயே வைப்பது அதற்காகத்தான்.

செலவுப் பட்டியலும் ஒரு பாடமே. குப்பிகள், பஞ்சு, சோள மாவு, வெல்லம், அகர், ஈஸ்ட், ஓர் உருப்பெருக்கி. பழ ஈயின் வாழ்நாள் ஏறத்தாழ இரண்டு மாதம்; ஆகவே சில மாதங்களில் ஆய்வு முடிந்துவிடும். ஆனால் ஈக்களை 25 பாகை வெப்பத்தில் வைத்தல் வேண்டும். வெப்பம் மிகுந்தால் அவற்றின் ஆயுளே குறுகிவிடும். திருத்தணியின் கோடையோ நாடறிந்தது. வெப்பத்தைச் சீராக வைக்கும் பெட்டி வாங்கச் சிறு நிதி போதாது. எனவே ஆய்வு நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரியில் முடியும் என்று அவர் திட்டமிட்டார். வறுமை கற்றுக்கொடுத்த அந்தத் திட்டமிடல் என்னைப் பெரிதும் கவர்ந்தது.

அவ்விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. காரணமும் கூறப்படவில்லை. இதற்கிடையே திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலை ஒன்றிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்துவிட்டது. தறியோசையில் செவித்திறன் குன்றிய தந்தை, மகள் சம்பாதிக்கும் நாளை எதிர்பார்த்திருக்கிறார். சில ஆயிரம் ரூபாய் கிடைக்கிறதா இல்லையா என்பது, ஒரு குடும்பத்தின் முதல் ஆய்வாளர் உருவாவாரா என்பதையே தீர்மானித்துவிடும்.

ஓர் எதிர்வாதத்தையும் நேர்மையோடு முன்வைக்க வேண்டும். இச்செய்தியைக் கேட்ட நம் பங்கின் மூதாட்டி ஒருவர், "ஏன் சாமி, எங்களுக்கே மாத்திர வாங்கக் காசில்ல, ஈக்கு ஆயுசு கூட்டி என்ன செய்யப் போறாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். அரசின் முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அத்தொகையை நம்பியே பலரின் அடுப்பு எரிகிறது.

ஆயினும், முதியோரின் உடலை ஒருவர் பொறுமையோடு கவனிக்கத் தொடங்கியதால்தான் அவர்களுக்கென மருத்துவமும் பிறந்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வி. எஸ். நடராசன் 1978-இல் முதியோர்க்கென வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 2024-இல் கிண்டியில் முதியோர்க்கான தேசிய மருத்துவ மையமே திறக்கப்பட்டுவிட்டது. 2017-18-இல் நாடு முழுவதும் 72,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட முதுமை பற்றிய ஆய்வில், கையின் பிடிவலிமையும் நடைவேகமும் அளக்கப்பட்டன. அந்த மூதாட்டி வேண்டுவதும் நூறாண்டு வாழ்வன்று. தம் காலால் நடந்து பூசைக்கு வருவதே. ஈ எத்தனை நாள் வாழ்கிறது என்பதோடு எத்தனை நாள் ஏறுகிறது என்றும் கேட்ட மாணவியின் வினா, அவருடைய வேண்டுதலுக்கு வெகு அருகில் நிற்கிறது.

சாவைத் தள்ளிப்போடும் ஆசையில் இன்று செல்வர்கள் பெரும்பொருள் சொரிகின்றனர். 2022-இல் தோன்றிய ஆல்டோஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் தொடக்க முதலீடு 300 கோடி டாலர். சிதம்பரத்தில் பிறந்து 2009-இல் நோபல் பரிசு பெற்ற வெங்கி இராமகிருஷ்ணன், மூப்பையும் சாவையும் பற்றி 2024-இல் எழுதிய நூலில், இத்துறையில் மிகுந்துவரும் வணிக ஆரவாரத்தைக் குறித்து எச்சரிக்கிறார். அதியமான் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்தான் என்பது நம் மரபு. நீண்ட வாழ்வை முதலில் யாருக்காகத் தேடுகிறோம் என்ற கேள்வியை அக்கனி இன்றும் நம்முன் வைக்கிறது.

தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் மாணவர் ஆய்வுகளுக்குச் சிறு தொகைகளை வழங்கிவருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் மருத்துவ மாணவர்க்குக் குறுகிய கால ஆய்வு உதவி அளித்துவந்துள்ளது. இவற்றை அறியாத மாணவர் நம் பங்குகளில் பலர். கல்லூரிகளில் பணியாற்றும் பொதுநிலையினர் மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒரு வினாவைக் குறுக்கவும் ஒரு செலவுப் பட்டியலைச் சீராக்கவும் துணைநிற்கலாம். கட்டணத்திற்கு உதவும் பங்கு நிதியிலிருந்து குப்பிகளுக்கும் வெல்லத்திற்கும் சிறிது ஒதுக்கலாம். உதவித்தொகைகளின் துணையோடு கற்று நாட்டின் தலைவராக உயர்ந்த இராதாகிருஷ்ணன் 1888-இல் பிறந்தது இவ்வூரில்தான்.

அந்த மாணவி மீண்டும் விண்ணப்பிக்க இருக்கிறார். தலைப்பு இப்போது ஒன்றரை வரி நீளம். அதில் 'வெல்லுதல்' என்னும் சொல் இல்லை. எத்தனை ஈக்கள் என்பது இருக்கிறது.