வெப்பத்தைச் சுமப்பவர் யார்?

2010ஆம் ஆண்டு மே மாதம் அகமதாபாத்தில் வெப்பநிலை 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஒரு மாதத்தில் மட்டும் வழக்கமான எண்ணிக்கையைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தனர் என்று பின்னர் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. அதன் பிறகே, 2013இல், அந்நகரம் தனக்கென ஒரு வெப்பச் செயல்திட்டத்தை வகுத்துக்கொண்டது. இப்படிப்பட்ட வெயிலில் ஓர் அலுவலகத்தைக் கட்டுவது அழகுணர்ச்சியோடு முடிந்துவிடும் செயலன்று. அந்த வெப்பத்தை யார் சுமப்பது என்ற கேள்விக்கும் கட்டுபவர் விடை சொல்லியாக வேண்டும்.

அதே நகரில் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி தம் அலுவலகத்தை 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுப்பினார். பெயர் 'சங்காத்'. குஜராத்தியில் அதற்கு உடன் செல்லுதல், வழித்துணை என்று பொருள். எழுப்பினார் என்பதைவிட, பாதி இறக்கினார் என்பதே பொருத்தம். பணியிடத்தின் ஒரு பகுதி தரைமட்டத்துக்குக் கீழே அமைந்துள்ளது. மண்ணுக்கு அடியில் செல்லச் செல்லப் பகல், இரவு வேறுபாடு மங்கிவிடும். சில மீட்டர் ஆழத்தில் ஆண்டுச் சராசரியை ஒட்டிய வெப்பநிலையே நிலவும். மே மாத நடுப்பகலில் மனிதருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பழைய நிழல் அது.

மேலே வளைகூரைகள். இரண்டு கான்கிரீட் படலங்களுக்கு நடுவே உள்ளீடற்ற சுட்டமண் குழல்கள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுக்குள் சிறைப்பட்ட காற்று வெப்பம் உள்ளிறங்குவதைத் தாமதப்படுத்துகிறது. வெளிப்புறத்தில் உடைந்த வெண்பீங்கான் சில்லுகள் பதிக்கப்பட்டுள்ளன. கழிவாகப் போக வேண்டிய அந்தச் சில்லுகள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. 2017இல் அகமதாபாத் நகரம் எளிய மக்களின் குடியிருப்புகளில் கூரைகளுக்கு வெண்ணிறம் பூசும் திட்டத்தைத் தொடங்கியபோது, அதற்கு அடிப்படையாக அமைந்ததும் இதே எளிய இயற்பியல்தான்.

பருவமழை இறங்கும்போது இக்கூரைகளின் இன்னொரு வேலை தெரியவரும். வளைவுகளில் வழியும் நீர் வாய்க்கால்களில் ஓடிக் குளத்தில் சேர்கிறது. பக்கத்தில் புல் வளர்ந்த படிக்கட்டுகள். கூட்டம் நடந்தால் அரங்கு, நடக்காத வேளையில் தோட்டம். கட்டடம் எங்கே முடிகிறது, நிலம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுப் பிரிப்பது எளிதன்று.

இவ்வளவு கவனம் எதனால் வாய்த்தது? மேதைமை ஒரு விடை. தோஷிக்கு 2018இல் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்ததும் அதைச் சொல்லும். ஆனால் அதைவிடச் சாதாரணமான காரணம் ஒன்றும் இருக்கிறது. அது அவருடைய அலுவலகம். கூரை கொதித்தால் அதன் கீழே அமர்ந்து வரைய வேண்டியவர் அவரும் அவருடைய சகபணியாளர்களும்தான். தம் பிழைக்கு அடியில் தாமே அமர வேண்டிய நிலை, ஒரு வடிவமைப்பாளருக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த ஆசான்.

இதே தன்மையை வேறிரு கட்டடங்களிலும் காணலாம். அகமதாபாத்தை அடுத்து, 1990களின் இறுதியில் நிறைவடைந்த டோரண்ட் ஆய்வு மையத்தின் பெரும்பகுதி, கோபுர உச்சியில் தெளிக்கப்படும் நுண்ணிய நீர்த்திவலைகளால் குளிர்கிறது. நீர் ஆவியாகும்போது காற்று குளிர்ந்து கனத்து, கீழிறங்கி அறைகளுக்குள் பரவுகிறது. வறண்ட கோடையில் மட்டுமே இது பலிக்கும். ஈரம் மிகுந்த மழைக்காலத்தில் திவலைகளை நிறுத்திவிட்டு மின்விசிறிகளை நம்ப வேண்டும். பருவத்துக்கேற்பக் கட்டடமும் அதில் பணிபுரிவோரும் மாறிக்கொள்கின்றனர். ஹைதராபாத் போச்சாரம் வளாகத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனம் ஒரே கட்டடத்தைச் சமமான இரு பாதிகளாகப் பிரித்தது. ஒரு பாதியில் வழக்கமான குளிர்காற்று. மறுபாதியில் கான்கிரீட் தளத்துக்குள் பதித்த குழாய்களில் ஓடும் குளிர்நீர். இரண்டாவது பாதி குளிரூட்டலுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவான மின்சாரத்தையே செலவிட்டது.

மூன்றும் வெவ்வேறு காலத்தவை, வெவ்வேறு அளவுடையவை. ஆயினும் கட்டச் சொன்னவரே குடியிருப்பவர், குடியிருப்பவரே மின்கட்டணம் செலுத்துபவர் என்ற ஒன்று மூன்றுக்கும் பொது.

நம் பெருநகரங்களின் கண்ணாடிக் கோபுரங்களில் இந்தச் சங்கிலி அறுந்துகிடக்கிறது. கட்டுபவர் விற்றோ வாடகைக்கு விட்டோ விலகிவிடுகிறார். தடித்த சுவருக்கும் ஆழமான நிழலுக்கும் அவர் செலவிடும் பணம் அவருக்குத் திரும்புவதில்லை. வாடகைதாரர் மின்கட்டணத்தைச் செலுத்துகிறார். சுவரை மாற்றும் உரிமை அவருக்கில்லை. மூன்றாமவர் ஒருவரும் உண்டு. குளிரூட்டி வெப்பத்தை அழிப்பதில்லை. உள்ளிருந்து எடுத்து வெளியே தள்ளுகிறது, தன் இயக்கத்தில் பிறந்த வெப்பத்தையும் அதனுடன் சேர்த்து. கோபுரத்தின் அடியில் தேநீர் விற்பவரும் வாயிற்காவலரும் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாமலே அதில் ஒரு பங்கைப் பெற்றுக்கொள்கின்றனர்.

வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்திச் சேமிப்பு விதித்தொகுப்பு 2007இலேயே இந்தியாவில் வெளியானது. விதி தேவையே. ஆனால் சுவரின் தடிமனை வரையறுப்பதோடு, அச்சுவரின் பயன் யாருக்குச் சேர வேண்டும் என்பதையும் ஒப்பந்தங்கள் பேச வேண்டும். மின்சேமிப்பின் ஆதாயத்தை உரிமையாளரும் வாடகைதாரரும் பகிர்ந்துகொள்ளும் குத்தகை முறை அதற்கொரு தொடக்கமாகலாம். மாடியில் நாலைந்து செடித்தொட்டிகளை வைப்பதனால் ஒரு கட்டடம் இயற்கையோடு உறவுகொண்டுவிடாது. தன் வெப்பத்தைத் தெருவின் தலையில் இறக்கிவைக்காதபோதுதான் அந்த உறவு தொடங்குகிறது.

தோஷி 2023 ஜனவரியில் காலமானார். அகமதாபாத்தின் அடுத்த மழையில் அந்த வெண்வளைவுகளில் நீர் வழிந்து, வாய்க்கால் தேடிப் போகும். அதற்கு இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை; அந்தச் சரிவைத் தீர்மானித்தவர் அதன் கீழே அமர்ந்திருந்தார், அதுவே போதுமானதாக இருந்தது.