வாயு போகும் வழி

ராக்கெட் துறையில் கெமிக்கல் இன்ஜினீயர் என்றால் எரிபொருள் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் காலமெல்லாம் துணியோடு போனது. கார்பன் இழையில் நெய்த கறுப்புத் துணி. அதைப் பீனாலிக் பிசினில் தோய்த்து, அச்சின் மேல் அடுக்கி, அழுத்தமும் சூடும் கொடுத்து இறுக வைப்போம்.

2007 ஜனவரியில் பி.எஸ்.எல்.வி. சி7-இல் போய், 12 நாள் சுற்றிவிட்டு வங்கக் கடலில் இறங்கிய எஸ்.ஆர்.இ.-1 கலத்தின் மூக்கில் இருந்தது இந்த வகைப் பொருள்தான். காற்றை உரசி இறங்கும்போது பிசின் சிதைந்து வாயுவாகும். போகிற போக்கில் சூட்டையும் கொண்டுபோய்விடும்.

கார்பன் இழையைக் கரியாலேயே பிணைத்த கார்பன்-கார்பன் செய்வது இதைவிடக் கடினம். பிசினை நாமே உலையில் வைத்து, நைட்ரஜன் சூழலில், 1000 டிகிரி வரை ஏற்றிக் கரியாக்க வேண்டும். பிசினின் எடையில் ஏறக்குறையப் பாதி நீராவி, மீத்தேன், ஹைட்ரஜன் என்று போய்விடும். அந்தப் பாதி எப்படிப் போகிறது என்பதில்தான் என் தொழில் முழுவதும் இருக்கிறது. மணிக்குச் சில டிகிரிதான் ஏற்றலாம். வேகமாக ஏற்றினால் உள்ளே திரண்ட வாயு அடுக்குகளைப் பிளந்துகொண்டு வரும். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. நாணயத்தால் தட்டிப் பார்த்தால் நல்ல இடம் கணீரென்று பேசும். பிளந்த இடம் தொக்கென்று அடங்கிவிடும். மீயொலிக் கருவி பின்னால் படம் போட்டுக் காட்டும். காது முதலிலேயே சொல்லிவிடும்.

இந்த நிதானம் எனக்குப் புதிதல்ல. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் சாயவேலை. கச்சாப் பட்டில் கால் பங்கு எடை பசை. சோப்புத் தண்ணீரில் அவித்து அதைப் போக்கினால்தான் பட்டு மினுமினுக்கும், சாயம் ஒரே சீராக ஏறும். பெரியப்பா நூலை விரலில் திருகிப் பதம் பார்ப்பார். "அவசரப்பட்டா நூல் பிசிறிடும்டா" என்பார். பிற்பாடு நான் ஏ.சி. டெக் கல்லூரியில் படித்த பொருள் பரிமாற்றப் பாடம் அவர் விரலில் ஏற்கெனவே இருந்தது.

உலையில் கரியானதும் பொருள் நுண்துளைகளாக நிற்கும். மறுபடி பிசினோ தாரோ ஏற்றிக் கரியாக்குவோம். இல்லாவிட்டால் மீத்தேனை உள்ளே செலுத்தித் துளைச் சுவரிலேயே கார்பனைப் படிய வைப்போம். இங்கும் வேகம் ஆகாது. துளையின் வாய் முதலில் அடைபட்டால் உள்ளே கடைசிவரை பொள்ளல்தான். ஒரு பாகம் முடிய மாதங்கள் ஆகும். அதிகாரிகளுக்கு இதைப் புரியவைப்பது எப்போதுமே பெரும்பாடு. ஆனாலும் உலையின் நேரத்தில் கைவைக்க யாரையும் விடக் கூடாது என்பதே என் கட்சி.

2024 ஏப்ரல் 2-ஆம் தேதி மகேந்திரகிரியில் பி.எஸ்.எல்.வி. நான்காம் கட்ட இன்ஜினில் கார்பன்-கார்பன் நாசில் 200 விநாடி சோதனை எரிப்பைத் தாங்கி நின்றது. வெப்பம் 1216 கெல்வின் வரை போனது. கொலம்பியம் உலோகக் கலவையில் செய்ததைவிட எடை 67 சதவீதம் குறையும். ராக்கெட் 15 கிலோ வரை கூடுதலாகச் சுமக்கும்.

கார்பனுக்கு ஒரே பகை ஆக்சிஜன். சுமார் 500 டிகிரியைத் தாண்டினால் காற்றில் எரியத் தொடங்கிவிடும். அதனால் மேலே சிலிக்கான் கார்பைடு பூச்சு. பூச்சும் அடிப்பொருளும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. ஆறும்போது பூச்சில் மயிரிழை விரிசல் விழும். சூட்டில் இளகி அந்த விரிசலைத் தானே மூடும் கண்ணாடிப் பூச்சுகளில்தான் இனி வேலை இருக்கிறது. வாயு வெளியே போக வழிவிட்டே பழகிய எங்களுக்கு, உள்ளே வரும் வழியை அடைப்பது வேறு வித்தை.