நள்ளிரவு வர்ணனை

வெள்ளவத்தை, ஏப்ரல் 5, 2025

பக்கவாதம் அப்பாவின் வலக்கையையும் பேச்சையும் எடுத்துக்கொண்டது. நாங்கள் சொல்லுவதெல்லாம் அவருக்கு விளங்குகிறது. திருப்பிச் சொல்லத்தான் வருவதில்லை. வந்தாலும் செருப்பைக் கேட்க நினைத்துக் கரண்டி என்கிறார். இரவில் நித்திரை இல்லை. செய்தி போட்டால் பதறுகிறார், நாடகத்தில் யாராவது அழத் தொடங்கினால் கண்ணை மூடிக்கொள்கிறார். ஒரு மணி போல ரிமோட்டில் எதையோ அழுத்த, கோல்ஃப் வந்தது. மாற்றப் போனேன். இடக்கையைத் தூக்கி மறித்தார்.

ஏப்ரல் 7

பேச்சுப் பயிற்சி தரும் மிஸ் வந்து போனா. “சொல்லை எடுத்துக் குடுக்காதேங்கோ அக்கா. அவரே தேடட்டும்.”

ஏப்ரல் 9

கொட்டாஞ்சேனையில் அத்தை வீட்டில் சும்மா கிடந்த சக்கர நாற்காலியை எடுத்துவரப் போனேன். 100ஆம் இலக்க பஸ், ஜன்னல் ஓரம். காலிமுகத்திடலில் பட்டம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 1879இல் தொடங்கிய கொழும்பு கோல்ஃப் கிளப் முதலில் இந்தத் திடலில்தான் ஆடியது. 1896இல் பொரளைப் பக்கம் ரிட்ஜ்வே மைதானத்துக்குப் போய்விட்டது. களனிவெளி ரயில் பாதை அந்த மைதானத்துக்குள்ளால் போகிறது. அப்பா கந்தோரில் வேலை செய்த காலத்தில் பெரியவரிடம் கையெழுத்து வாங்க அங்கே போவாராம். ரயில் கடந்து முடியுமட்டும் ஆட்டக்காரர் மட்டையை ஊன்றிக்கொண்டு பேசாமல் நிற்பார்கள் என்று சின்ன வயதில் எங்களுக்கு நடித்துக் காட்டுவார். ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. நின்றதைத்தான் சொல்லுவார்.

திரும்பும்போது ஓட்டோக்காரர் நாற்காலிக்கும் சேர்த்துக் காசு கேட்டார்.

ஏப்ரல் 11

ஒகஸ்டாவில் மாஸ்டர்ஸ் போட்டி தொடங்கிவிட்டது. அங்கே பகல், எங்களுக்கு விடிய விடிய. அமெரிக்க ஒளிபரப்பில் மணிக்கு நாலு நிமிடம்தான் விளம்பரமாம்; கிளப்பின் கட்டளை. போன கிழமை பார்த்த போட்டியில் இரண்டு அடிக்கு ஒரு வங்கி, ஒரு கார் என்று வந்துகொண்டே இருந்தது.

எனக்குப் பிடித்தவர்கள் ஆட்டக்காரரோடு கூடவே நடக்கும் வர்ணனையாளர்கள். பந்து எப்படிப்பட்ட புல்லில் கிடக்கிறது, கொடிக்கு எத்தனை யார், காற்று எந்தப் பக்கம், கையில் எந்த மட்டை. இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுவார்கள். பிறகு மட்டை புல்லைச் சீவும் சத்தம். சில வேளை ஆட்டக்காரரும் அவருடைய மட்டைப்பையைச் சுமப்பவரும் தங்களுக்குள் தர்க்கப்படுவது மைக்கில் விழும். அதற்கு மேலே எந்த நிபுணரும் வேண்டாம். கணக்கு விளங்காத என்னைப் போன்றவர்களுக்கு, திரையில் யார் எத்தனை அடி கூட, எத்தனை அடி குறைவு என்று காட்டுவது பெரிய உதவி. அந்த முறையைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஃப்ராங்க் சர்க்கினியன்.

பறவைச் சத்தத்தை மட்டும் நம்பக்கூடாது. ஒலிநாடாப் பறவைகளை ஒளிபரப்பில் கலந்ததை 2000இல் சிபிஎஸ் ஒப்புக்கொண்டது; அந்த ஊரில் இல்லாத பறவை எப்படிப் பாடுகிறது என்று பறவை பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒகஸ்டாவில் குரல் தாழ்வதிலும் கொஞ்சம் பயம் இருக்கிறது. பார்வையாளரைக் கும்பல் என்று சொன்னதற்காக வர்ணனையாளர் ஜாக் விட்டேக்கரை 1966க்குப் பிறகு சில வருசம் உள்ளே எடுக்கவில்லை.

என்றாலும் கத்துகிறவனைவிடப் பயந்தவன் மேல். பந்து இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே “விழுந்துவிட்டது” என்று ஒருவர் முந்துகிறார். நாங்களும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? பொறுத்தால் என்ன குறைந்துபோகும்?

இடையில் அப்பா அறைப் பக்கம் காட்டி “த… த…” என்றார். “தண்ணியா அப்பா? இந்தாங்கோ” என்று கிளாஸை நீட்டினேன். வாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏப்ரல் 12

அத்தை வந்து நிற்கிறா. ரிவிக்கும் சேர்த்து அவவே கதைக்கிறா.

ஏப்ரல் 14

விசுவாவசு வருசம் விடியமுதல் பிறந்தது. ஒகஸ்டாவில் அப்போது கடைசி ஒன்பது குழிகள் ஓடிக்கொண்டிருந்தன. ரோரி மெக்கில்ராய் 2014க்குப் பிறகு பெரிய பட்டம் எதுவும் எடுக்கவில்லை. இதை எடுத்தால் நாலு பெரிய பட்டமும் அவரிடம். பதின்மூன்றாம் குழியில் லேசான அடியைத் தூக்கி ஓடைக்குள் போட்டார். அத்தை “ஐயோ பாவம்” என்றா. அவவுக்கு யார் என்றே தெரியாது. பதினெட்டில் கிட்டக் கிடந்த பந்தையும் தவறவிட, ஜஸ்டின் ரோஸோடு சமநிலை. மறுபடி அதே பதினெட்டு. இந்த முறை பந்து விழுந்தது. மனுசன் முழங்காலில் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வர்ணனையாளர் ஏதோ ஒரு வசனம் சொன்னார், பிறகு வாயைத் திறக்கவில்லை. சனத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. அப்பா என்னைப் பார்த்து “த…” என்றார். நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன். அத்தை எழும்பப் போனா, கையைப் பிடித்து இருத்தினேன்.

“தலகணி.”

எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டு, மருத்துநீர் கொண்டுவரப் போனேன்.

ஏப்ரல் 17

இன்றைக்கு எல்லாமே மறுபடி கரண்டி. என்னோடு கோபம். அத்தை கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டா, வீடு விறைத்துக் கிடக்கிறது. மிஸ் புத்தாண்டு விடுமுறை முடிந்து அடுத்த கிழமைதான் வருவா.

பிஜிஏ சாம்பியன்ஷிப் மே 15இல் வட கரோலைனாவின் சார்லட் நகரில் தொடங்குகிறது. எந்தச் சனலில் வரும் என்று விசாரிக்க வேண்டும். வர்ணனை யார் என்றும்.