துணி காயும் கொடிக்கும் சோலார் பேனலுக்கும் ஒரே சட்டம்!

அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஃப்ளோரிடாவுக்கு 'வெயில் மாநிலம்' என்ற செல்லப் பெயர் உண்டு. அங்கே பல குடியிருப்புகளின் வாசல் கேட்டைத் தாண்டி உள்ளே போனால், முதலில் கண்ணில் படுவது ஒழுங்குதான். எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி தபால் பெட்டி, ஒரே சீராக வெட்டிய புல்தரை. சுவருக்குக் குறிப்பிட்ட சில நிறங்கள்தான் அடிக்கலாம். குப்பைத் தொட்டி தெருவிலிருந்து பார்த்தால் தெரியக் கூடாது.

இதையெல்லாம் தீர்மானிப்பது வீட்டு உரிமையாளர் சங்கம். நம்மூர் அபார்ட்மென்ட் அசோசியேஷன் போலத்தான், ஆனால் பிடி இன்னும் இறுக்கம். வீடு வாங்கும்போதே பத்திரத்தோடு விதிகளும் சேர்ந்து வந்துவிடும். மீறினால் அபராதம்.

இப்படிப்பட்ட தெருவில் ஒருவர் கூரைமேல் கறுப்புப் பலகைகளை வரிசையாக மாட்டினால் சும்மா விடுவார்களா? "தெருவின் அழகு போச்சு, வீட்டு விலை இறங்கிடும்" என்பதுதான் வழக்கமான ஆட்சேபம்.

சங்கத்தைவிடப் பெரியது சட்டம்

இதற்கு ஃப்ளோரிடா 1980-லேயே ஒரு முடிவு கட்டியது. சூரிய சக்திக் கருவிகளைச் சங்க விதி எதுவும் தடைசெய்ய முடியாது என்று சட்டம் போட்டது. அதே வரியில் இன்னொரு பொருளுக்கும் பாதுகாப்பு உண்டு. துணி காயப்போடும் கொடி! வெயிலைப் பயன்படுத்துவதில் இரண்டும் ஒன்றுதானே?

சங்கத்துக்குக் கொஞ்சம் இடமும் விட்டிருக்கிறார்கள். கூரையில் பேனல் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று சங்கம் சொல்லலாம். ஆனால் அந்த இடம் தெற்கு நோக்கியோ, தெற்கிலிருந்து கிழக்காகவோ மேற்காகவோ 45 டிகிரிக்குள்ளோ இருக்க வேண்டும். அந்த இடத்தில் பேனல் சரியாக வேலை செய்யவும் வேண்டும். அழகு பார்க்கலாம், அதற்காக மின்சாரத்தைக் குறைக்கக் கூடாது என்பதுதான் கணக்கு.

சூறாவளி வந்த நாள்

அழகா, அவசியமா என்ற இந்தக் கேள்வி ஃப்ளோரிடாவில் உயிரோடு விளையாடும் கேள்வி. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே சூறாவளிக் காலம். 2017 செப்டம்பரில் 'இர்மா' அடித்தபோது மாநிலத்தின் பாதிக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருட்டில் மூழ்கின. முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் ஏசி நின்றுபோய், வெக்கை தாங்காமல் 12 பேர் இறந்தார்கள். பராமரிப்பு இல்லங்களில் ஜெனரேட்டர் கட்டாயம் என்ற விதி அதற்குப் பிறகுதான் வந்தது.

2022 செப்டம்பர் 28-ல் வந்தது 'இயன்'. மணிக்கு சுமார் 240 கி.மீ. வேகக் காற்று. 25 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. புயல் கரையேறிய பகுதியிலேயே, ஃபோர்ட் மையர்ஸ் நகரத்துக்கு வடகிழக்கே, விளக்கு அணையாமல் இருந்த ஊர் ஒன்று உண்டு. அதன் பெயர் பாப்காக் ராஞ்ச்.

ஒரு காலத்தில் மாட்டுப் பண்ணையாக இருந்த நிலம் அது. முன்னாள் அமெரிக்கக் கால்பந்து (அமெரிக்கன் ஃபுட்பால்) வீரர் சிட் கிட்சன் 2006-ல் வாங்கி, பெரும்பகுதியை வனப் பாதுகாப்புக்காக அரசுக்கு விற்றுவிட்டு, மீதியில் ஊர் கட்டினார். 2018-ல் மக்கள் குடியேறத் தொடங்கினார்கள். ஊரையொட்டி சுமார் 870 ஏக்கரில் 150 மெகாவாட் சோலார் பண்ணை. கிட்டத்தட்ட 7 லட்சம் பேனல்கள்.

ஆனால் பேனல்கள் மட்டுமே ஊரைக் காப்பாற்றவில்லை. ராத்திரியில் அவை உற்பத்தி செய்யாது, அப்போது வெளி மின்தொகுப்பிலிருந்துதான் வரும். ஊரைக் காத்தது, மின் கம்பிகளைத் தரைக்கடியில் புதைத்தது, வீடுகளை மேட்டில் கட்டியது, மழைநீர் ஏரிகளுக்கும் சதுப்புநிலத்துக்கும் வடியும்படி வழிவிட்டது. சில மரங்கள் சாய்ந்தன, சில கூரை ஓடுகள் பறந்தன, அவ்வளவுதான். மின்சாரம், இணையம், குடிநீர் எதுவும் நிற்கவில்லை. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் இங்கே வந்து தங்கினார்கள்.

பேனல் இருந்தும் இருட்டு ஏன்?

இர்மாவுக்குப் பிறகு சொந்தக் கூரையில் பேனல் வைத்திருந்த பலருக்கும் ஓர் அதிர்ச்சி. பளிச்சென்று வெயில் அடிக்கிறது, வீட்டில் கரண்ட் இல்லை!

காரணம் எளிது. ஊர் மின்சாரம் நின்றதும், அதோடு இணைந்த இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். இல்லாவிட்டால் வீட்டிலிருந்து போகும் மின்சாரம், கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் குடித்துவிடும். பேட்டரியும், வெளி இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும் கருவியும் இருந்தால்தான் புயலுக்குப் பிறகு பேனல் உதவும். தமிழ்நாட்டில் மானியத்தோடு போடப்படும் 'ஆன்-கிரிட்' பேனல்களும் இப்படித்தான்.

பேட்டரிக்கும் ஓர் அளவு உண்டு. வீட்டு பேட்டரி ஒன்று சுமார் 13 யூனிட் வரை சேமிக்கும். ஃப்ரிட்ஜ், ஃபேன், விளக்கு, போன் சார்ஜர் என்றால் ஒரு நாளைத் தாராளமாக ஓட்டலாம். வீடு முழுக்க ஏசி போட்டால் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

2024-ல் ஃப்ளோரிடா இன்னோர் அடி எடுத்துவைத்தது. புயல் தடுப்பு ஷட்டர், பலமான ஜன்னல், வீட்டுக்கு வெளியே நிரந்தரமாக வைக்கும் ஜெனரேட்டர் போன்றவற்றுக்கு நிறமும் வடிவமும் இப்படி இருக்க வேண்டும் என்று சங்கம் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். அதன்படி விண்ணப்பிப்பவருக்கு அனுமதி மறுக்க முடியாது.

அங்கே போகிறவர்களுக்கு

டாம்பா, ஆர்லாண்டோ என்று மகன், மகள் வீட்டுக்குப் போகும் பெற்றோர் நிறைய பேர். சூறாவளிக் காலத்தில் போகிறீர்களா? அவர்களிடம் முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள். வெளியேற்ற மண்டலங்களுக்கு அங்கே ஏ, பி, சி என்று எழுத்து உண்டு. உங்கள் பிள்ளையின் வீடு எந்த எழுத்து? கூரையில் பேனல் இருந்தால், பேட்டரி உண்டா?

பிறகு வீட்டில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்:

• ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர் குடிநீர், ஒரு வாரத்துக்கு.

• சமைக்காமல் சாப்பிடக்கூடிய உணவு, கையால் திருகும் டின் ஓப்பனர்.

• டார்ச், பவர் பேங்க், கொஞ்சம் ரொக்கம். கரண்ட் இல்லாவிட்டால் கார்டு தேய்க்க முடியாது.

• பயண நாள்களைவிடக் கூடுதலாக மாத்திரைகள். இன்சுலின் போடுபவர் என்றால் ஐஸ் பேக். பாஸ்போர்ட்டும் காப்பீட்டுத் தாள்களும் தண்ணீர் புகாத உறையில்.

• கரண்ட் போனால் ஃப்ரிட்ஜைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் 4 மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும்.

• கையடக்க ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கார் ஷெட்டிலோ ஓட்டவே கூடாது. ஜன்னல், கதவிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, வெளியே வைக்க வேண்டும். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.