மரம் நடுறதுக்கு முன்னாடி...

திருநீர்மலை படி ஏறியிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? மலையைச் சூழ்ந்த வெள்ளம் வடியட்டும் என்று திருமங்கையாழ்வார் 6 மாதம் காத்திருந்ததாகத் தல வரலாறு. நமக்கு அந்தப் பொறுமை கட்டுப்படியாகாது!

பக்கத்திலிருக்கும் எங்க காலேஜில், 'கார்பனைக் குறைப்போம்' என்று கூட்டம் போட்டோம். "100 மரக்கன்று நடலாம்" என்றேன். கைதட்டல்! கடைசி பெஞ்ச் ஜூனியர் ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, நம்ம கரன்ட் பில் மாசம் எத்தனை யூனிட்?" எல்லோரும் கப்சிப்.

அப்புறம்தான் புரிஞ்சுது, முதலில் கணக்கு, பிறகுதான் திட்டம். உலகம் முழுக்க இதை மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஒன்று, நாமே எரிப்பது: ஜெனரேட்டர் டீசல், மெஸ் கேஸ். லிட்டர் டீசலுக்குச் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. இரண்டு, வாங்கும் மின்சாரம்: யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம். மூன்று, மற்றதெல்லாம்; நம்ம பைக் உட்பட.

காலி கிளாஸில் 75 வாட் ஃபேன்கள் 10, பத்து மணி நேரம் சுற்றினால் ஏழரை யூனிட். 5 கிலோவுக்கு மேல் வாயு. நிஜமாவே ஏழரைதான்!

அன்று மாலை ஹாஸ்டலுக்குப் போனேன். பூட்டிய ரூமில் என் ஃபேன் ஜாலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

நிகர பூஜ்ஜியத்துக்கு 2070-ஐக் கெடுவாக 2021-ல் கிளாஸ்கோவில் இந்தியா அறிவித்தது. அதுவரை காத்திருக்கணுமா என்ன? உங்க காலேஜ் பில் எத்தனை யூனிட்? நாளைக்கே கேளுங்க!