இருபத்து மூன்று கேள்விகள்

ஜூலை 21, 2025, திங்கள்

சின்னவளுக்கு இன்று செக்கப். ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருஷம். பிரஷர் சரியாக இருக்கிறது, கிட்னி வயசுக்கேற்ப வளர்ந்திருக்கிறது. இடப்பக்கக் கிட்னியில் விழுந்த தழும்பு மட்டும் அப்படியே. அது போகாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

கிளம்பும்போது டாக்டரம்மா ஒரு படிவம் நீட்டினார். ஜேம்ஸ் வார்னி என்ற அமெரிக்கர் உருவாக்கிய வாழ்க்கைத் தரக் கேள்விகள், மொத்தம் 23. ஓட முடிகிறதா, தூக்கம் வருகிறதா, மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்களா, ஆஸ்பத்திரிக்காக லீவு போட வேண்டியிருக்கிறதா. பெற்றவளுக்கு ஒரு தாள், பிள்ளைக்கு ஒரு தாள். ‘என்ன ஆகுமோ என்ற கவலை’ என்ற இடத்தில் நான் ‘அநேகமாக எப்போதும்’ என்று போட்டேன். அவள் ‘இல்லவே இல்லை’. பஸ் குமணன்சாவடி வருகிறவரை அதே யோசனை. அவள் பெயர் போட்ட தாளில் என்னைப் பற்றியல்லவா எழுதியிருக்கிறேன்!

ஜூலை 23, புதன்

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது. பழக்கம் விடவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னாலெல்லாம் இரண்டு மாதத்துக்கொரு காய்ச்சல். பல் முளைக்கிறது, கண்பட்டுவிட்டது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். யூரின் கல்ச்சர் எடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. கிட்னியிலிருந்து வரும் குழாய், மூத்திரப்பையின் சுவருக்குள் சாய்வாகக் கொஞ்ச தூரம் ஓடித்தான் திறக்க வேண்டுமாம். பை நிரம்பினால் சுவர் அழுத்தி, அந்த வழி தானே மூடிக்கொள்ளும். இவளுக்கு அந்த ஓட்டம் குட்டை. அதனால் மூத்திரம் மேலே ஏறியது, நாலாம் கிரேடு. லேசாக இருந்தால் வளர வளரத் தானே சரியாகிவிடும். இவளுக்கு ஆகவில்லை. குழாயைப் பெயர்த்து நீளமாகப் பதித்தார்கள்.

ஜூலை 25, ஆடி வெள்ளி

காமாட்சி அம்மன் கோயில் வரிசை தெரு வரைக்கும். ஆறு வாரம் எலுமிச்சம்பழம் வைத்து வேண்டிக்கொண்டவள் நான், வராமல் முடியுமா? தீ நடுவே ஒற்றைக்கால் விரலில் நிற்கும் அம்மனைக் காட்டினேன். திரும்பிப் பார்த்தால் இவள் ஒரு குதிகாலின்மேல் அழுந்த உட்கார்ந்து, செருப்பு வார் மாட்டுவதுபோல் பாவனை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒன்றுக்கு வருவதை அடக்கும் பிள்ளைகள் அப்படித்தான் உட்காருவார்கள் என்று டாக்டரம்மா காட்டிக் கொடுத்திருக்கிறார். ஆபரேஷன் ஆனாலும் அடக்கினால் தொற்று திரும்ப வரலாம்.

“ஸ்கூல்லயும் இப்படித்தானா?”

“பாத்ரூம்ல தாழ்ப்பா இல்லம்மா. வீட்டுக்கு வந்து போய்க்குவேன்.”

காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை! அந்த 23 கேள்வியில் பாத்ரூம் போவது பற்றி ஒன்றுகூட இல்லை.

ஜூலை 29, செவ்வாய்

வகுப்பு டீச்சரைப் பார்த்தேன். பிள்ளைகள் தண்ணீர் குடிக்க இந்த வருஷம் வந்த வாட்டர் பெல் தவறாமல் அடிக்கிறதாம், பதினொன்று, ஒன்று, மூன்று மணிக்கு. “குடிக்கிறாளா மிஸ்?” “ஒரு வாய் வெச்சிட்டு மூடிடுவா.” பெல் அடித்ததும் பாத்ரூமுக்கும் அனுப்புங்கள் என்றேன். “இவளை விட்டா பத்து பேர் கிளம்பிடுவாங்களே, மேடம்.” கிளம்பட்டுமே! தாழ்ப்பாளும் ஸ்க்ரூவும் கடையில் வாங்கிக் கையோடு கொண்டு போயிருந்தேன். வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டார். ஆள் வந்ததும் மாட்டிவிடுவார்களாம்.

சாயந்திரம் அவள் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். முக்கால்வாசி அப்படியே இருந்தது.