நாள் குறித்த படம்

டீக்கடைக்கு எதிர்ச் சுவரில் நேற்றுக் காலை புதுச் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். பசை இன்னும் காயவில்லை. அடுத்த மாதத்தின் நான்கு ஞாயிறுகளுக்கு நான்கு பழைய படங்கள். எல்லாமே காலை பத்தரை மணிக் காட்சி. முதல் வாரம் ‘அந்த நாள்’, அடுத்து ‘கர்ணன்’, பிறகு ‘தில்லானா மோகனாம்பாள்’, கடைசி ஞாயிறு ‘உதிரிப்பூக்கள்’. அடியில் எங்கள் ஊர்த் தியேட்டரின் பெயர். “கர்ணனுக்கு மட்டும் கடையை மூடிட்டு வந்துடுவேன் சார்” என்றார் டீக்கடைக்காரர்.

வீட்டுக்கு வந்ததும் மாதக் காலண்டரை எடுத்து நான்கு ஞாயிற்றுக் கட்டங்களிலும் படப் பெயர்களைக் குறித்தேன். பிரதோஷமும் முகூர்த்தமும் அச்சிட்டிருக்கும் காலண்டர் அது. பால் கணக்கும் சிலிண்டர் வந்த தேதியும் அதில்தான் எழுதுவோம். பார்த்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள்: “எல்லாம் போன்லயே கிடைக்குமேப்பா, இதுக்கு எதுக்கு நாள் குறிக்கிறீங்க?”

நியாயமான கேள்விதான். தேடினால் கிடைக்கும். கிடைக்கும் என்ற தெம்பிலேயே நான் ‘உதிரிப்பூக்க’ளைப் பார்த்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது. என்றைக்கு வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றிருக்கும் படத்துக்கு அந்த ‘என்றைக்கு’ வருவதேயில்லை. ஞாயிறு பத்தரை மணி என்று ஒருவர் நாள் குறித்துவிட்டால் குளித்து, சாப்பிட்டு, வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுக் கிளம்புகிறோம். அதே நேரத்துக்கு வேறு தெருக்களிலிருந்து நூறு பேர் கிளம்புகிறார்கள்.

படத்தின் ஆயுளை நாளால் அளந்த சமூகம் நம்முடையது. நூறாவது நாள் என்றோம், வெள்ளி விழா என்றோம். 1944 தீபாவளிக்குச் சென்னை பிராட்வே தியேட்டரில் வெளியான ‘ஹரிதா’ஸை மூன்று தீபாவளி கண்ட படம் என்று இன்றும் சொல்கிறோம். ஒரு ஊருக்குப் படம் வரும் நாளுக்கு ‘இன்று முதல்’ என்று ஒரு சுவரொட்டி, போகும் நாளுக்கு ‘இப்படம் இன்றே கடைசி’ என்று ஒரு துண்டுத்தாள்.

பழைய படம் திரும்பி வருவதும் எங்களுக்குப் புதிதல்ல. நான் சின்னப் பையனாக இருந்தபோது படங்கள் பெரிய நகரங்களில் ஓடி முடித்த பிறகுதான் டெல்டாவில் இருக்கும் எங்கள் ஊருக்கு வரும். சில வருஷம் கழித்து ‘புத்தம் புதிய காப்பி’ என்ற கொட்டை எழுத்தோடு அதே படம் இன்னொரு முறை வரும். படப்பெட்டி பஸ்ஸில் வந்து இறங்கும். தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தியேட்டர் ஆள் நடக்க, நாங்கள் நாலைந்து பையன்கள் பின்னாலேயே போவோம். இரண்டரை மணி நேரப் படம் என்றால் ஏறத்தாழ 13,500 அடி பிலிம், ஆயிரம் அடிக்கு ஒன்றாகப் பதினான்கு ரீல். சாயங்காலம் கொட்டகை உச்சியிலிருக்கும் குழாய் ஸ்பீக்கரில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு ஒலித்தால் டிக்கெட் கொடுக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். ஊரே நடையை எட்டிப் போடும்.

பிறகு வீட்டுக்கு வீடு டிவி வந்தது, வீடியோ கேசட் வந்தது, கேபிள் வந்தது. பிலிம் போய் டிஜிட்டல் வந்தபோது பெட்டிகளும் நின்றுபோயின. பழைய படத்துக்குத் தியேட்டரில் இனி இடமில்லை என்றே எல்லாரும் நினைத்தோம். அந்த நேரத்தில்தான், 2012 மார்ச்சில், பி.ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ பழுது நீக்கப்பட்டு டிஜிட்டலில் திரும்பி வந்தது. 1964 பொங்கலுக்கு வந்த படம், நாற்பத்தெட்டு வருஷம் கழித்துச் சென்னையில் மறுபடியும் நூறு நாள் தாண்டி ஓடியது. எங்கள் தியேட்டர் உரிமையாளருக்கும் அப்போதுதான் துணிவு வந்தது. மாதம் ஒரு பழைய படம் என்று தொடங்கினார். இப்போது ஞாயிறுதோறும் போடுகிறார்.

அப்படிப் போடுவது எளிதல்ல என்பதை அவரோடு பழகித்தான் தெரிந்துகொண்டேன். முதலில், படம் யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். தயாரித்தவர் காலமாகியிருப்பார், உரிமை வாரிசுகளிடமோ, வாங்கியவரிடமோ, அவரிடமிருந்து வாங்கிய இன்னொருவரிடமோ இருக்கும். அடுத்து, நல்ல பிரதி வேண்டும். நெகட்டிவைத் துடைத்து, ஸ்கேன் செய்து, ஒவ்வொரு பிரேமாகக் கீறலும் தூசியும் நீக்கவேண்டும். நொடிக்கு 24 பிரேம் என்றால் இரண்டரை மணி நேரப் படத்தில் 2,16,000 பிரேம்கள். அத்தனையையும் யாரோ உட்கார்ந்து பார்த்திருந்தால்தான் திரையில் நம் கண்ணுக்கு உறுத்தல் இல்லாமல் இருக்கும். கடைசியாக, படம் ஹார்டு டிஸ்க்கில் வந்து சேர்ந்தாலும் ‘கீ’ வரவேண்டும். இந்தத் தியேட்டரின் புரொஜக்டரில், இந்தத் தேதியில் மட்டும் படத்தைத் திறந்துவிடும் எண்மச் சாவி அது. ஒருமுறை பத்தரை மணிவரை அது வரவில்லை. அரங்கில் எழுபது பேர் காத்திருந்தோம். உரிமையாளர் ஒவ்வொரு வரிசையாக வந்து நிலைமையைச் சொன்னார். பதினொன்றே காலுக்குக் கீ வந்தது. அதுவரை ஒருவரும் எழுந்து போகவில்லை.

எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது வேறொரு நாளில். பழைய படங்களின் சட்டம் ஏறக்குறையச் சதுரம், உயரம் ஒன்று என்றால் அகலம் 1.37. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமே 1973-இல் வந்த ‘ராஜராஜ சோழன்’தான். அதற்கு முந்தைய படத்தை இன்றைய அகலத் திரை முழுக்க நிரப்பிக் காட்டினால் ஒன்று மேலும் கீழும் வெட்டுப்படும், அல்லது ஆட்கள் பருத்துத் தெரிவார்கள். நகரத்துத் தியேட்டர் ஒன்றில் ஒரு பழைய படத்தை நெற்றியில்லாத முகங்களோடு பார்த்துவிட்டு மனம் நொந்து திரும்பியிருக்கிறேன். நடனமாடுபவரின் பாதம் திரைக்கு வெளியே போயிருந்தது. இதை எங்கள் உரிமையாளரிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு போனபோது திரையின் இரண்டு பக்கமும் கறுப்புத் துணி தொங்கியது. படம் நடுவில், எடுத்தவர் வைத்த அளவிலேயே, தலையும் காலுமாக முழுசாக நின்றது. “துணி கும்பகோணத்துல எடுத்தேன். நம்ம தையற்காரர்தான் தைச்சார்” என்றார்.

அன்றைக்கே திரைக்குப் பின்னாலும் கூட்டிப்போனார். ஸ்பீக்கர்கள் அங்கேதான் நிற்கின்றன. வெள்ளைத் திரை என்று நாம் பார்ப்பது முழுக்க ஊசிமுனை அளவுத் துளைகள், சத்தம் அவற்றின் வழியாகத்தான் நம்மிடம் வருகிறது. பின்னாலிருந்து பார்த்தபோது படம் இடவலம் மாறி, மங்கலாக, ஆயிரமாயிரம் ஒளிப்புள்ளிகளாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் புள்ளிகளுக்கு அப்பால் வரிசை வரிசையாக முகங்கள், எல்லாம் அண்ணாந்தபடி. படத்தைப் பார்ப்பவர்களைப் படம் இருக்கும் இடத்திலிருந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

நம்மிடம் இல்லாமல் போனவற்றையும் நினைக்காமல் இருக்கமுடியவில்லை. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியானது. அதன் ஒரு ரீல்கூட இன்று கிடையாது. அதற்கும் முன்னால் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசகவதம்’ என்ற மௌனப் படமும் இல்லை. அந்தக் கால நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும். பின்னால் வந்த அசிட்டேட் பிலிமோ சூட்டிலும் ஈரத்திலும் புளித்து, காடி நாற்றமெடுத்துச் சுருங்கிப்போகும். ஓடி முடித்த பிரதிகளை வெள்ளிக்காக உருக்கியதும் உண்டு. புனேயில் 1964-இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அமைந்து, அதற்காகப் பி.கே. நாயர் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்திராவிட்டால் இன்னும் எத்தனையோ போயிருக்கும்.

கோயிலில் மூலவர் என்றும் உற்சவர் என்றும் இரண்டு திருமேனிகள் உண்டு. மூலவர் கருவறையில் அசையாமல் இருக்கிறார். காப்பகத்தின் குளிரறையில் இருக்கும் நெகட்டிவ் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அது பத்திரமாக இருக்கவேண்டும். ஆனால் ஊர் கூடுவது உற்சவர் புறப்படும் நாளில்தான். நாள் பார்த்து, அலங்கரித்து, நாயனமும் தவிலும் முன்னே போக அவர் வீதிக்கு வந்தால்தான் நடக்க முடியாத கிழவியும் வாசலில் நின்று கும்பிட முடிகிறது. ஞாயிற்றுக்கிழமைக் காட்சி ஒரு புறப்பாடு.

அந்த நாளில் என்ன நடக்கிறது? ‘அந்த நாள்’ 1954-இல் வந்தது. எஸ். பாலசந்தர் இயக்கி, பாட்டே இல்லாமல் வந்த படம். 1943-இல் சென்னைமீது ஜப்பானியர் குண்டு போட்டதைப் பின்னணியாகக் கொண்டது. தொடங்கிய மாத்திரத்தில் சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். அதை வீட்டில் பார்த்தபோது கெட்டிக்காரத்தனமான தொடக்கம் என்று நினைத்தேன். தியேட்டரில் பார்த்தபோது அந்த வெடிச் சத்தத்துக்குப் பின் விழுந்த அமைதி நூறு பேரின் அமைதியாக இருந்தது. ‘உதிரிப்பூக்க’ளின் முடிவில் ஊர் கூடி ஆற்றங்கரையில் நிற்கிறது. இயக்குநர் மகேந்திரன் அங்கே யாரையும் அதிகம் பேசவிடவில்லை. படம் முடிந்து விளக்குப் போட்டபோது நாங்களும் ஓர் ஊராகத்தான் அங்கே உட்கார்ந்திருந்தோம்.

போன வருஷம் ‘தில்லானா மோகனாம்பாள்’ போட்டபோது என் பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். எங்கள் பக்கத்துக் கோயில்களிலும் கல்யாணங்களிலும் நாயனம் வாசிப்பவர். படத்துக்காக வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். முதல் வாசிப்பு தொடங்கியதும் பெரியவரின் வலது கையும் இடது கையும் முழங்கால்மேல் வந்து அமர்ந்தன. ஏழு துளையையும் விரல்கள் தேடிக்கொண்டன. சிவாஜி வாசிக்க வாசிக்க இவர் விரல்கள் வேட்டிமேல் மூடித் திறந்தன. காயம்பட்டபின் சிவாஜியின் சண்முகசுந்தரம் மேடையேறி வாசிக்கும் இடத்தில் விரல்கள் நின்றுவிட்டன. திரும்பிப் பார்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். படம் முடிந்ததும் டீ வாங்கிக் கொடுத்தேன். “வாசிச்சது அவங்க ரெண்டு பேரு தம்பி. ஆனா இவரு கன்னத்தைப் பார்த்தீங்களா? காத்து எங்கே நிக்கணுமோ அங்கே நிக்குது. மறுபடி போட்டா சொல்லுங்க. பிள்ளைங்களுக்குக் காட்டணும்” என்றார்.

நேற்று இரவு அவருக்குப் போன் செய்து மூன்றாம் ஞாயிறு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை, காலண்டர்த் தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. “முகூர்த்த நாளாச்சே தம்பி. அன்னிக்கு ஒரு கல்யாணம் ஒத்துக்கிட்டிருக்கேன்.” எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவரே தொடர்ந்தார்: “முகூர்த்தம் ஏழரை ஒன்பது. தாலி கட்டி, மாலை மாத்தி, பந்தி போட்டுட்டா நம்ம வேலை முடிஞ்சுது. நாயனத்தோட நேரா தியேட்டருக்கு வந்துடறேன். முதல் வாசிப்பை விட்டுடக்கூடாது. கூட வாசிக்கிற பையனுங்க ரெண்டு பேரு வருவாங்க. மூணு டிக்கெட்டு எடுத்து வையுங்க.”

மூன்றாம் ஞாயிற்றுக் கட்டத்தில், படத்தின் பெயருக்குக் கீழே, ‘3 டிக்கெட்’ என்று எழுதினேன். மகள் பேனாவை வாங்கி மூன்றை அடித்துவிட்டு நான்கு என்று எழுதினாள்.